ஒன்பது அங்குலம்

குச்சவெளி,
12.2.1975

அன்பு மகன் தாஹிருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் உடம்புக்குச் சுகம், நீயும் கொழும்பில் சுகமாயிருக்க துஆ கேட்கிறோம். மனதைப் பற்றிக் கேட்காதே. அரிசி கிடைக்காமல் உம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்தே நாளைத் தள்ளுகிறாள், உன் தங்கச்சி ஜெஸீமாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

முஹம்மது தம்பி மாமாவின் வயல் போய்விட்டது மகன். தை மழையில் கடலோரக் களப்பு ஏரிபோல் நிறைந்து வயல் வரம்பில் ஏறியதும் ஊரார் மண்வெட்டியோடு என்னிடம் வந்தார்கள். களப்புத் தண்ணீர் கடலைவிட ஒரு முழம் உயர்ந்தால்தான் இடையிலுள்ள மணல்திட்டை வெட்டிவிடுவது என்பது உனக்குத் தெரிந்த ஊர்க் கட்டுப்பாடு. கடல்மட்டமும் களப்புமட்டமும் நாள்தோறும் அளந்து எழுதும் என் தாளைப் பார்த்து, வெட்டலாம் என்றேன். அசர் தொழுகைக்குப் பிறகு வாடைக்காற்று எழும்ப, களப்பு கடலுக்குப் போகாமல் கடல்தான் களப்புக்குள் வந்தது. மூன்று நாள் நின்ற உப்புத் தண்ணீர் பால் பிடித்த கதிரைக் கருக்கிவிட்டது, மாமாவின் கிணறும் கரிக்கிறது.

ஐப்பசியிலிருந்தே கடற்பக்க அளவுக் கம்பத்தில் தண்ணீர் ஏறித்தான் நின்றது. அப்படியே எழுதி அனுப்பினேன். மேற்பார்வை ஐயா தாளைத் திருப்பியனுப்பி, பத்து வருடத்தில் இல்லாத கடலா, உம்முடைய கம்பம் புதைந்திருக்கும், ஒழுங்காக எழுதும் என்றார். வேலைக்குப் பயந்து அன்று முதல் ஒன்பது அங்குலம் குறைத்தே எழுதினேன். எழுதி எழுதி, கம்பம்தான் புதைந்தது என்று நானே நம்பிவிட்டேன். போன கிழமை தோண்டிப் பார்த்தேன், அது அசையவேயில்லை. கடல்தான் ஏறியிருந்தது, வெட்டச் சொன்ன அன்று களப்பு அதைவிட அரை முழம்தான் உயர்ந்திருந்தது.

அதற்கு மறுநாள்தான் உன் கடிதம் வந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை காற்றும் மழையும் முறை மாறும்போது கடலும் மாதக்கணக்கில் ஏறி நின்று பிறகு இறங்கும் என்றும், அதைக் கண்டுபிடிக்கத்தான் உன் கந்தோரில் எல்லாக் கரையோர ஊர்களின் அளவுத் தாள்களையும் ஒப்பிடுகிறாய் என்றும் எழுதியிருந்தாய். வாப்பாவின் தாள்தான் ஏற்ற இறக்கமில்லாமல் சுத்தமாயிருக்கிறது என்று வேறு எழுதியிருந்தாய். அதைப் படித்துக்காட்டச் சொல்லி உம்மா இரண்டு தரம் கேட்டாள், எனக்கு ஏலவில்லை.

மாமா நேற்றும் வந்து, கடல் செய்ததற்கு நீங்க என்ன செய்ற மச்சான் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். இதைத் தபாலில் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குத்தான் போகிறேன். அவரை வயலுக்குக் கூட்டிப்போய், செய்தது கடல் இல்லை, என் தாள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

தொழுகையை விடாதே, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நேர்மையும் தரட்டும். ஐப்பசி முதல் தை வரையுள்ள என் தாள்கள் பொய் என்று உன் கந்தோரில் நீயே சொல், வாப்பாவின் கையெழுத்து என்று இரங்காதே.

இப்படிக்கு,
வாப்பா
அபூதாஹிர்