பச்சைச் சேலையும் அவள் பேரும்

வண்ணார்பேட்டை,
2-9-1996

அன்பு மகன் கணேஷ்ராமுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை விஜயஸ்ரீதான் எழுதுகிறாள், என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக்கித்தான் எழுதுவாள், அதனால் அம்மா பேசுகிற மாதிரி இல்லையே என்று நினைக்காதே. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கப் போனவளை வேண்டாம் என்று நிறுத்தினேன். உன் பெரிய தங்கை சித்ரலேகாவைச் சாகக் கொடுத்துவிட்டு இன்னும் அழுது முடியாத வீட்டில் அந்த வரி பொருந்தாது. நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், நீயும் அப்படிச் சாப்பிட்டால் போதும், இப்போது அதற்கு மேல் எனக்கு ஆசையில்லை.

உன் கடிதமும், மஸ்கட்டிலிருந்து வந்த ஆளிடம் நீ கொடுத்தனுப்பிய பச்சைச் சேலையும் ஒன்றாகக் கிடைத்தன. உன்னோடு அறையில் இருக்கிற குருபிரசாத்துக்கு அவன் மனைவி ஸ்ரீவைகுண்டத்திலிருந்து எழுதினாளாமே, அண்ணன் தங்கைக்குப் பச்சைச் சேலை எடுத்துக் கொடுக்காவிட்டால் தங்கை உயிருக்கு ஆகாது, ஆழ்வார்திருநகரியில் ஒரு பிள்ளை அப்படித்தான் செத்தது என்று. அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். "சித்ரா என்கிட்ட சேலை கேட்டாளாம்மா, கேட்டு நாந்தான் மறந்துட்டேனா" என்று நீ எழுதிய வரியை வாசித்துவிட்டு இவள் மேலே வாசிக்க மாட்டாமல் உட்கார்ந்துவிட்டாள். அவள் உன்னிடம் சேலை கேட்கவே இல்லை, ஐயா. அவள் கேட்டது டார்ச் லைட், ராத்திரி கரண்டு போனால் கொல்லைப்பக்கம் போகப் பயமாக இருக்கிறது என்று கேட்டாள், நீயும் அனுப்பினாய், கடைசிவரை அது அவள் தலைமாட்டில்தான் கிடந்தது. அவளை அடித்தது காமாலை. வயிற்றில் பிள்ளை இருந்ததால் உடம்பு தாங்கவில்லை, ஈரல் கெட்டுப்போயிற்று, இனி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். இதை நான் சொன்னால் மட்டும் உனக்கு மனசு ஆறாது, பிள்ளையைத் தேற்ற அம்மா ஏதாவது சொல்வாள் என்று நினைப்பாய். அதனால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவளே எழுதட்டும்.

அண்ணா, இனி விஜயஸ்ரீ. பள்ளிக்கூடப் பலகையில் தினம் ஒரு துணுக்கு எழுதுவது என் வேலை என்று உனக்குத் தெரியும். ஆக்டோபஸுக்கு மூன்று இருதயம் என்று ஒருநாள் எழுதிவிட்டு வந்து சொன்னபோது நீ "ஏட்டி, நீ எண்ணிப் பாத்தியாட்டி" என்று கேலி செய்தாய், அக்கா "அம்மாடி, ஒண்ண வச்சுக்கிட்டு நாம படுத பாடு பத்தாதா" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு, பார்த்தவர் யார் என்று விசாரிக்காமல் நான் எதையும் பலகையில் எழுதுவதில்லை. இந்தப் பச்சைச் சேலைக் கதை அக்கா போன அடுத்த மாதம், ஆடியிலேயே எங்கள் வகுப்புக்கு வந்துவிட்டது. வண்ணார்பேட்டைக் கடைகளில் பச்சை என்று பேர் இருந்தால் போதும், கிழிசல்கூட விலைபோயிற்று. என்னோடு படிக்கும் ஃபெமினா வீட்டிலும் பயந்துவிட்டார்கள், அவள் அண்ணன் ஜெனிஸ்டன் மட்டும் ஒரு பச்சை ரிப்பன் வாங்கிவந்து, "சேலைக்கு வழியில்ல, இதுக்குப் பாதி உசிராவது நிக்கும், கெட்டிக்க" என்றானாம். நானும் அப்போது சிரித்தேன். செத்த பெண் யார் என்று கேட்டதற்கு ஸ்ரீவைகுண்டத்தில் யாரோ என்றார்கள். உன் கடிதத்தில் ஆழ்வார்திருநகரி என்று படித்ததும் அந்த வரியைத் திரும்ப வாசித்தேன், அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரல்லவா. இருந்தாலும் வேறு யாராகவோ இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்கத் தொடங்கினேன்.

ஃபெமினாவின் அம்மா மார்கரெட் அத்தை தன் சொந்தக்காரி சாலோமி சொன்னதாகச் சொன்னார்கள். சாலோமி அக்கா ஸ்ரீவைகுண்டத்தில் தையல் மிஷின் வைத்திருக்கிறார்கள். அம்மையப்பன் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன். மிஷின் பக்கத்தில் ஓரம் அடிக்கக் கொடுத்த பச்சைச் சேலைகள் வாழையிலைக் கட்டு மாதிரி குவிந்து கிடந்தன. முன்பு ஒருநாள் பஸ்ஸில் தன் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள் சொன்னதாகச் சாலோமி அக்கா சொன்னார்கள். "பாவம், மாசமா இருந்த பிள்ளையாம், ஆழ்வார்திருநகரியில வாக்கப்பட்டதாம். அண்ணங்காரன் வெளிநாட்டுல நல்லா சம்பாதிக்கானாம். இந்தப் பிள்ள சேலைக்குக் கேட்டுக் கேட்டுப் பாத்துதாம், அவன் அனுப்பல. அண்ணன் சேலை வராமலே அந்தப் பிள்ள போயிருச்சாம்." பிள்ளை பேர் என்ன என்று கேட்டேன். பேர் தெரியாது, பேரெல்லாம் யார் கேட்டா என்றார்கள்.

அண்ணன் சேலை வராமலே என்ற அந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன், அண்ணா. அக்காவைப் புகுந்த வீட்டுப் பந்தலில் கிடத்தியிருந்தபோது பிறந்த வீட்டுக் கோடிக்காக எல்லாரும் காத்திருந்தோம். அண்ணன் எடுத்த புதுச்சேலையைப் போர்த்தாமல் கட்டிக்கொடுத்த பெண்ணை அனுப்பக்கூடாது, நீயோ வர வழியில்லாமல் அங்கே இருந்தாய். பக்கத்து வீட்டு நாறும்பூநாதன் அண்ணாச்சி வாசலில் நின்று, "அண்ணன் சேலை இன்னும் வரலையா, அது வராம அந்தப் பிள்ளைய எப்படிப்பா அனுப்ப" என்று சத்தமாகக் கேட்டார். சித்தப்பா ஓடினார். கடைக்காரர் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தாராம். நிறமெல்லாம் பார்க்கும் நிலையில் சித்தப்பா இல்லை, மேலே கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதுதான் கிளிப்பச்சை. தெருவில் போனவர்கள் காதில் பாதி விழுந்திருக்கிறது. அக்கா போனபிறகு சேலைக்குக் காத்திருந்தோம் என்பது, சேலை வராததால் அக்கா போனாள் என்று திரும்பிவிட்டது. பஸ்ஸில் போன அம்மாள் யார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் கதை எந்த வாயில் திரும்பியது என்று எனக்குத் தெரியாது. அக்கா விடியுமுன்னே போய்விட்டாள், கடை திறந்தது அதற்குப் பிறகு. இதற்கு நான் சாட்சி, சித்தப்பா சாட்சி.

சாலோமி அக்காவிடம் அவள் பேர் சித்ரலேகா, என் அக்கா என்று சொன்னேன். அவர்கள் மிஷினை நிறுத்திவிட்டு, "எம்மா, நாலு பேர்ட்ட சொல்லிட்டனே, நா வெந்து போவ" என்று தலையில் கை வைத்தார்கள். அதே நாலு பேரிடம் அவள் பேரையும் காமாலையையும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சொல்கிறேன் என்றார்கள். ஆனால் குவிந்துகிடந்த சேலைகளைப் பார்த்தபோது உண்மை அவ்வளவு வேகமாகப் போகாது என்றுதான் தோன்றியது. அம்மா பேனாவைக் கேட்கிறாள், கேட்டு என்ன செய்வாள், சொல்லத்தான் போகிறாள்.

ஐயா, கேட்டாயா. இனி அம்மா சொல்வது. நீ சேலை அனுப்பாததால் அவள் செத்தாள் என்பது பொய். உன் கையால் அவளுக்குக் கோடி போட முடியவில்லை என்பது மெய், அதை மட்டும் நான் இல்லையென்று சொல்லமாட்டேன், அந்த வருத்தம் உனக்கு இருக்கும், எனக்கும் இருக்கும். ஆனால் சித்தப்பா போர்த்தும்போது, "கணேஷ்ராம் கோடி" என்று உன் பேரைச் சொல்லித்தான் போர்த்தினார். அண்ணன் சேலையோடுதான் அவள் போனாள்.

நீ அனுப்பின சேலையை விஜயஸ்ரீ கட்டமாட்டேன் என்கிறாள், கட்டினால் பொய்க்குத் தலையாட்டினதாக ஆகுமாம். அவள் சொல்வது சரிதான். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், இதை எழுதமாட்டேன் என்று இவள் பேனாவை மூடிவிட்டாள், எழுது என்று கட்டாயப்படுத்துகிறேன். நேற்று இவள் தரையில் படுத்துப் படித்துக்கொண்டே கண் அயர்ந்தபோது அந்தச் சேலையை விரித்து இவள்மேல் ஒரு நிமிஷம் போட்டு எடுத்தேன். பொய் என்று தெரிந்துதான் செய்தேன். பெண்மக்களில் எனக்கு மிச்சம் இருப்பது இவள் ஒருத்தி. படித்தவள் கோபித்துக்கொள்ளட்டும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, ஐயா. வெளியில் வாங்கிச் சாப்பிடாதே. எண்ணெய் தேய்த்துக் குளி. குருபிரசாத்திடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, அவன் மனைவிக்கும் எழுதச் சொல், அந்தப் பெண்மேல் நமக்குக் கோபம் இல்லை. இனி யாராவது இந்தக் கதையை உன் முன்னால் எடுத்தால் சண்டைக்குப் போகாதே, அந்தப் பிள்ளை பேர் என்ன என்று கேள். தெரியாது என்பார்கள். நீ சொல்.

எங்கே இருந்தாலும் நல்லா இரு என்று ஆசீர்வதிக்கும்
உன் அம்மா
அன்னத்தாய்

(எழுதியது விஜயஸ்ரீ. கடைசியில் இருக்கும் சேலை விஷயம் உண்மைதான். நான் அப்போது தூங்கவில்லை.)