எங்கள் கணினியில் குடியேறிய எழுத்துகளை ஆள் அனுப்பி அகற்றக் கோருதல்

அனுப்புநர்:
கெனா வெல்ச்சேவா,
ஓய்வுபெற்ற ரயில் நிலையப் பயணச்சீட்டு எழுத்தர்,
வாசிப்பகத்தின் சாவிப் பொறுப்பாளர்,
தோல்னா க்ருஷா கிராமம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
கணினிப் பிரிவு,
வட்ட நகராட்சி அலுவலகம்.

பொருள்: வாசிப்பகக் கணினியில் தேவையின்றி நிறுவப்பட்ட வேற்றுமொழி எழுத்துருக்களை, தொலைவிலிருந்து அல்லாமல், ஆள் நேரில் வந்து நீக்கித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. குளிர்காலத்தில் நான் அனுப்பிய முதல் மனு. 2. அதற்குப் பதிலாகச் சென்ற வாரம் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு மார்ச் மாதம் தங்கள் அலுவலகம் எங்கள் வாசிப்பகத்துக்கு ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் அளித்தது. அதற்கு நன்றி. முன்பிருந்த பொறுப்பாளர் மகளோடு நகரத்துக்குப் போய்விட்டதால் சாவி என்னிடம் இருக்கிறது. தூசி தட்டுவது, கணினியைத் திறப்பது, மூடுவது எல்லாம் நானே. வேறு யாரும் அங்கே வருவதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் விசாரணை என்று வந்தால் நான் மறைத்ததாக ஆகக் கூடாது.

2. கணினி சும்மா கிடக்கவில்லை. இறந்தவருக்கு நாற்பதாம் நாளும், ஆறாம் மாதமும், பிறகு ஆண்டுதோறும் படம் போட்ட அறிவிப்பு அடித்து வாசல் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவது நம் வழக்கம் என்பது தாங்கள் அறிந்ததே. ‘அவர் இல்லாமல் ஓர் ஆண்டு’, ‘அவர் இல்லாமல் ஏழு ஆண்டுகள்’ என்று தலைப்பு வரும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எனக்குப் போன் செய்கிறார்கள். நான் அடித்து, பசை தடவி, அவரவர் கதவில் ஒட்டிவிட்டு வருகிறேன். கதவைத் தட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருப்பதில்லை.

3. இந்த வேலைக்கு நம் எழுத்தில் ஒரே ஓர் எழுத்துரு போதும். தடித்தது ஒன்று கூட இருந்தால் நல்லது. ஆனால் பட்டியலைத் திறந்தால் தாய்லாந்து, கம்போடியா, பர்மா, எத்தியோப்பியா என்று ஊர்ப்பட்ட நாடுகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் பெயரைத் தன் எழுத்திலேயே எழுதிக்கொண்டு நிற்பதால் எது எந்த நாடு என்றே எனக்கு விளங்குவதில்லை. மவுசின் சக்கரம் வேறு ஒழுங்காக உருளாது. நம் எழுத்து எங்கோ அடியில் கிடக்கிறது. அதைத் தேடி இறங்குவதற்குள் யாருக்காக உட்கார்ந்தேன் என்பதே மறந்துவிடுகிறது.

அவற்றில் ஒன்று தமிழ் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சுற்றி வைத்த கம்பளி நூல் போல இருக்கிறது. சில எழுத்துகளின் தலையில் ஒரு பொட்டு வைத்திருக்கிறார்கள், எதற்கென்று தெரியவில்லை. அந்த எழுத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

4. இவை எப்படி உள்ளே வந்தன என்பதையும் விளக்கக் கடமைப்பட்டுள்ளேன். கணினியைப் பொருத்த வந்தவர் விக்டர் என்ற தொழில்நுட்பப் பணியாளர். பெற்றோர் நம் நாட்டவர், வளர்ந்தது ஸ்பெயினில். பேச்சு நம் பேச்சுதான், தலை மட்டும் அந்த நாட்டுத் தலை. மார்ச் மாதத்தில் நலம் வேண்டி நாம் கட்டும் சிவப்பு வெள்ளை நூலை அவர் கையிலும் கட்டிவிட்டேன். வேலையின் நடுவே அவர் திரும்பி, “அத்தை, இதுல உலகத்துல இருக்கிற எல்லா பாஷை எழுத்தும் சேர்ந்தே வந்துடும். எல்லாத்தையும் எடுத்துடட்டுமா?” என்று கேட்டார். நான் ஆம் என்று தலையை இடவலமாக ஆட்டினேன். நம் ஊரில் வேறு எப்படி ஆம் என்பது? அவர் அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டார்.

5. இது எனக்குத் தெரிந்தது பிறகு நடந்த தொலைபேசிப் பேச்சில். எழுத்துத் தொல்லை தாங்காமல் நான் அவரைக் கூப்பிட்டபோது, “நீங்கதானே அத்தை வேண்டாம்னு தலையாட்டினீங்க? நான் கேட்டுட்டுத்தானே விட்டேன்!” என்றார். பட்டியலில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டேன். பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். தமிழையும் அப்போதுதான் சொன்னார். “கோடிக்கணக்கான பேர் எழுதுற எழுத்து அத்தை, சாதாரணமா நினைக்காதீங்க” என்றார். ஐயா, இத்தனை கோடிப் பேருக்கு எங்கள் வாசிப்பகத்தில் இடம் கொடுத்திருக்கிறோம். ஒருவராவது வந்து அடுப்பருகே உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை.

அன்றே இன்னொன்றும் எனக்கு உறைத்தது. கணினி பொருத்திய நாளில் விக்டருக்குப் பாலாடைக்கட்டி வைத்த பானிட்சா சுட்டுக் கொடுத்திருந்தேன். முதல் துண்டைச் சாப்பிட்டு முடித்ததும், “இன்னும் ஒண்ணு வைக்கட்டுமா தம்பி?” என்று கேட்டேன். வாய் நிறைய இருந்ததால் அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். வேண்டாம் என்கிறார் என்று நான் தட்டை எடுத்துவிட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தது நினைவிருக்கிறது. பிறகு கூச்சத்தோடு கையைத் துடைத்துக்கொண்டார். நெடுநாள் கழித்து என் மேசையில் உட்கார்ந்த ஒரே விருந்தாளி பாதி வயிற்றோடு எழுந்து போனார். மீதிப் பானிட்சாவை இரண்டு நாள் நானே தின்றேன்.

6. இனி முக்கியமான இழப்பு. சென்ற அக்டோபர் மாதம் என் கணவரின் மூன்றாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. நான் பயணச்சீட்டு கொடுத்த அதே நிலையத்தில் கொடி காட்டியவர் அவர். அறிவிப்பை நானே அடித்தேன். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. நான் தேர்ந்தெடுத்தது ஒரு வரி மேலே தள்ளி, நம் எழுத்தே இல்லாத ஏதோ ஓர் எழுத்துரு போலிருக்கிறது. தாளில் படம் மட்டும் வந்தது. எழுத்து வர வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம் கட்டமாகப் பெட்டிகள். பிரிண்டரில் அதோடு மை தீர்ந்தது. வேறு வழியில்லாமல் அதையே கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினேன்.

ரொட்டி வண்டி ஓட்டும் ஸ்தாவ்ரி அதைப் பார்த்துவிட்டு, “கெனாக்கா, அசென் அண்ணன் எந்த நாட்டுக்குக் குடி போயிட்டாரு? சீனாவுக்கா? அங்க ரொட்டி கிடைக்குமான்னு விசாரிச்சியா?” என்று கேட்டார். சிரிக்க வைக்கத்தான் கேட்டார், நானும் சிரித்தேன். அவர் போன பிறகு அழுதேன். அன்று கல்லறையில் அவித்த கோதுமையோடு நெடுநேரம் காத்திருந்தேன். சர்க்கரை தூவி, வருகிறவர் கையில் கொடுக்க வேண்டியது அது; தானே தின்பதற்கு அல்ல. யாரும் வரவில்லை. ஸ்தாவ்ரி மறுநாள் வந்து ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

ஐயா, பெட்டிகளைப் படிக்க முடியாததால் யாரும் வரவில்லையா, அல்லது வருவதற்கு ஆளே இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். இந்த ஆண்டு அறிவிப்பு நல்ல எழுத்தில் வந்தால் தெரிந்துவிடும். அப்போதும் ஒருவரும் வராவிட்டால் நான் யார் மேல் புகார் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

7. சென்ற வாரம் தங்கள் அலுவலக அம்மையார் கூப்பிட்டு, “இதுக்கெல்லாம் யாரும் அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லம்மா. இங்க உக்காந்தபடியே ஒரு நிமிஷத்துல எல்லாத்தையும் எடுத்துடுவோம். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்” என்றார். மிகவும் மரியாதையாகப் பேசினார். நான் சரி என்று சொல்லவில்லை. தலையை எந்தப் பக்கமும் ஆட்டவும் இல்லை. மறுபடி எழுதித் தெரிவிப்பதாகச் சொல்லிப் போனை வைத்தேன். இதுவே அந்தப் பதில்.

8. தொலைவிலிருந்து நீக்குவதற்கு நான் சம்மதிக்கவில்லை. நேரில் பார்க்காமல் செய்தால் நம் எழுத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும் அபாயம் உண்டு. மவுசின் சக்கரத்தையும் யாராவது கையால் தொட்டுப் பார்த்தால்தான் ஆயிற்று. இவை அலுவலகம் ஏற்கத்தக்க காரணங்கள் என்று நம்புகிறேன். இவை போதாதென்றால், தனியாக இருக்கிறேன் என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு எந்தச் சான்றிதழ் வைப்பதென்று தெரியாததால் முதல் மனுவில் குறிப்பிடவில்லை.

ஆகவே, வரும் அக்டோபர் பதினேழாம் நாள், என் கணவரின் நான்காம் ஆண்டு நினைவு நாளுக்கு முந்தைய நாள், விக்டரையே அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அறிவிப்பைச் சரியாக அடிக்க அவர் உதவட்டும். இரவு தங்கி மறுநாள் போகலாம். அறை இருக்கிறது, அடுப்பு மூட்டிச் சூடாக்கி வைப்பேன். எல்லா எழுத்துகளையும் ஒரே தடவையில் நீக்கியாக வேண்டும் என்று நான் அவசரப்படுத்தவில்லை. தாய்லாந்தை அன்று எடுக்கலாம், கம்போடியாவைப் பனி விழுமுன் ஒரு நாள் வந்து எடுக்கலாம், மற்றவற்றை அலுவலக வசதிப்படி ஒவ்வொன்றாக. பட்டியல் நீளமானது. தமிழைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

பானிட்சா சுட்டிருப்பேன். இந்த முறை அவர் தலையைப் பார்த்து முடிவு செய்ய மாட்டேன். அவர் வாயைத் திறந்து போதும் என்று சொல்லும் வரை தட்டு மேசையிலேயே இருக்கும்.

பதிலை எதிர்பார்த்து, வாசல் கதவைத் தாழிடாமல் காத்திருக்கும்,

(ஒப்பம்)
கெனா வெல்ச்சேவா

இடம்: தோல்னா க்ருஷா
நாள்: செப்டம்பர் 22

இணைப்பு: சென்ற ஆண்டு அறிவிப்பு, ஒரு பிரதி. படத்தில் இருப்பவர் என் கணவர். பெட்டிகள் உள்ள இடத்தில் இருக்க வேண்டியதை இங்கே கையால் எழுதுகிறேன்: அசென் வெல்ச்சேவ். அவர் இல்லாமல் மூன்று ஆண்டுகள்.