கறிக்குப் போர்த்திய போர்வை

அடுக்களை மகாராணிக்கு, கடல் தாண்டிக் கரி கிளறும் உன் மகாராஜா எழுதுவது. மூட்டுவலி தேவலையா? தைலம் ஒழுங்காகத் தேய்க்கிறாயா? எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதிதான்.

போன ஞாயிறு ஒரு பிறந்தநாள் விருந்து. நெருப்பில் சுட்ட கறியை ஒரு மணி நேரப் பயணத்தில் ஆறாமல் கொண்டுசேர்க்கும் படைக்கு நானே தளபதி, நானே சிப்பாய். "கறி ஆறிச்சுன்னா நாளைக்கு வேலைக்கு வராதீங்க" என்றார் முதலாளி, சிரிக்காமல்.

ஐஸ் பெட்டி சூட்டையும் காக்கும் அல்லவா? அதில் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டு, கறியை அலுமினியத் தாளில் சுற்றி அடுக்கினேன். பார்த்தால், மூடியின் கொக்கி உடைந்து கிடக்கிறது! அறைக்கு ஓடி, உன் பழைய புடவைகளில் நீ தைத்துக் கொடுத்த போர்வையை எடுத்துவந்து பெட்டிக்குப் போர்த்தினேன். வழி முழுக்க வேனில் அதைக் கட்டிப்பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்தன்றுகூட உன் கையை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை.

திறந்ததும் கிளம்பிய ஆவியில் விருந்தாளிகள் அத்தனை பேரும் மறைந்துபோனார்கள், போ! "என்னண்ணே, அடுப்பையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றான் வேன் டிரைவர். வேலை தப்பியது. மூடி இடுக்கில் வந்த ஆவியில் முழங்கை லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான்.

போர்வையை மூன்று தடவை துவைத்துவிட்டேன். கறி வாசம் போகவில்லை, உன் வாசம்தான் போய்விட்டது. இங்கே வருகிறவர் யாரிடமாவது இன்னொன்று தைத்துக் கொடுத்துவிடு. புதுத்துணி வேண்டாம், நீ கட்டிய புடவையிலேயே தை. துவைக்காதே.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். ஓடுகிறேன்.

உன் தளபதி