ஒரு மணிக்குத் தானாக ஓடிய லேப்டாப்

அக்கா,

இன்றும் பகல் ஒரு மணிக்கு உங்கள் லேப்டாப்பின் விசிறி இரைந்தது. உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்துவிட்டேன். ஏன் இரைகிறது என்று இப்போது தெரியும். தெரிந்தும் உட்கார முடியவில்லை.

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே, நம் டைப்பிங் கடையில், ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். உங்களை அடக்கம் செய்த பன்னிரண்டாம் நாள்தான் கடையைத் திறந்தேன். பழைய மனு ஒன்று தேவைப்பட்டது. உங்கள் லேப்டாப்பை என் பாஸ்வேர்டில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சரியாக ஒரு மணி. யாரும் தொடவில்லை. விசிறி இரைந்தது, ஓரத்துச் சிறு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அடங்கியபோது திரை மூலையில் ஓர் அறிவிப்பு: ஈ டிரைவில் இடம் இல்லை.

அந்த லேப்டாப்பில் இருப்பது சி, டி இரண்டு டிரைவ்தான்.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் துணிந்து அந்த ஈ டிரைவைத் திறந்தேன். நாம் அடித்த மனுக்கள், பத்திரங்கள். நடுவே சின்னக் குறிப்பு ஒன்று. அதன் கடைசி வரியில் உங்கள் பெயர், அன்றைய தேதி, மணி ஒன்று, 'முடிந்தது' என்ற சொல். சோற்றை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

உங்கள் வீட்டுக்காரர் தேடி வந்தார். "பக்கத்துக் கடைக்காரக சொன்னாக, நீ வெளியவே உக்காந்திருக்கேன்னு. என்னத்தா?"

சொன்னேன். "பயமா இருந்தா அழிச்சுரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அழிக்கத்தான் உட்கார்ந்தேன். உள்ளே பார்த்தால் அந்த டிரைவின் பெயர் ரெகவரி பார்ட்டிஷன்; லேப்டாப் படுத்தால் எழுப்புவதற்கென்று கம்பெனியே ஒதுக்கி வைத்த இடம். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் டெலீட் என்று அடித்தேன். எண்டரில் விரல் வைத்ததும் முன்பு நம்மிடம் சரிபார்க்கக் கொடுத்த ஒரு டீச்சரின் லேப்டாப் ஞாபகம் வந்தது. அதிலும் இப்படி ஒரு பார்ட்டிஷன், நூறு சதவீதம் காலி என்று காட்டியது. இடம் வீண் என்று நான் அழித்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து அந்த லேப்டாப் படுத்தபோது எழுப்ப வழியில்லை. நீங்கள் திட்டவில்லை. "காலின்னுதான் காட்டும், நம்பாத ஆத்தா. உள்ள ஆளு இருக்கு, கதவைச் சாத்தியிருக்கு. ரிமூவ்னா ஈ, எஃப்னு வாசல்ல இருக்குற எழுத்துதான் போகும். டெலீட்னா வீடே போயிரும்" என்றீர்கள்.

டெலீட்டை எழுத்தெழுத்தாக அழித்தேன். பிறகுதான் புரிந்தது. தினமும் ஒரு மணிக்கு, நண்பகல் லுஹர் தொழ உள்ளறைக்குப் போகும் நேரத்தில், வேலையை எல்லாம் பென் டிரைவில் தானாக நகல் எடுக்க வைத்திருந்தீர்கள். அந்தப் பென் டிரைவ் உங்கள் பையோடு தேனி ஆஸ்பத்திரிக்குப் போனது, திரும்பவில்லை. இடையில் வந்த அப்டேட், அதன் ஈ என்ற எழுத்தை ரெகவரி பார்ட்டிஷனுக்குக் கொடுத்திருக்கிறது. நகலெல்லாம் அங்கே போய் நிரம்பியிருக்கிறது.

சார்ஜரைச் செருகினேன். நகல்களைப் புதுப் பென் டிரைவில் போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகு, அங்கிருந்த நகல்களை மட்டும் நீக்கினேன். லேப்டாப்போடு வந்த ஃபைல்களைத் தொடவில்லை. ரிமூவ் கொடுத்து ஈ என்ற எழுத்தை எடுத்து, புதுப் பென் டிரைவுக்குக் கொடுத்தேன். லேப்டாப் படுத்தால் எழுப்ப, இன்னொரு பென் டிரைவில் ரெகவரி டிரைவும் செய்து வைத்தேன்.

மறுநாள் ஒன்றாவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உங்கள் வீட்டுக்காரர் வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். விசிறி இரைந்தது. குறிப்பைத் திறந்து காட்டினேன். உங்கள் பெயரை இரண்டு முறை வாய்க்குள் படித்தார்.

"நாளைக்கும் வருமா?"

"வரும் மாமா. அவுக பேருலதான் ஓடுது."

"மாத்திரு ஆத்தா. போனவளை இன்னும் வேலை வாங்க வேணாம்."

மாற்றினேன். இப்போது தினமும் என் பெயர் வருகிறது.

லேப்டாப் நன்றாக ஓடுகிறது அக்கா. எனக்குத்தான் ஒன்று ஆறவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி ஊட்டியவர் நீங்கள். அன்று உங்களுக்குப் பயந்துதான் நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.