ரொட்டிக்கடைத் தாத்தாவும் இரண்டு படைகளும்

மார்ச் 4
“நீதானே சரித்திர டீச்சர், நீயே எழுது” என்று பெரியப்பா என் தலையில் கட்டிவிட்டார். குடும்பம் கூடும் நாளில் படிக்க, கொள்ளுத்தாத்தாவின் வாழ்க்கை வேண்டுமாம். தொண்ணூற்றேழு வயது வரை இருந்த மனுஷன். இரண்டு உலகப் போர், ஒரு கொள்ளைநோய், மூன்று ஆட்சி. முடியாது என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வருவதில்லை?

மார்ச் 9
எந்த வருஷத்தை எடுத்தாலும் ரொட்டிதான் சுட்டுக்கொண்டிருக்கிறார். முதல் போரில் மாவு பிசைகிறார். கொள்ளைநோயில் அண்ணனைப் பறிகொடுத்து, கடைக்கு முதலாளி ஆகிறார். ஆட்சி மாறிய அன்றும் அடுப்பு எரிந்திருக்கிறது. சரித்திரம் வாசலோடு போகிறது, இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

மார்ச் 15
பெரியப்பா ஃபோன். “ரெண்டாவது போர்ல படைக்குப் போனார்னு போடு.”
போனாரா?
“யாரு வந்து கேக்கப் போறா?”
நான் கேட்பேனே!

மார்ச் 16
பெரியப்பாவின் தங்கை, என் அத்தை, சிரித்தே விட்டாள். “அவர் எங்க போனார்? படைதான் அவரத் தேடி வந்துச்சு. மொதல்ல வந்தவனுக்கும் சுட்டார், அவனத் துரத்திட்டு வந்தவனுக்கும் சுட்டார். படைக்காரன் குடுத்த மாவுல ஒளிச்சு ஒளிச்சுத் தெருவுக்கே ரொட்டி போட்டார். இல்லேன்னா எங்கப்பா ஏது, நீ ஏது?”
அப்பாடா.

மார்ச் 17
பெரியப்பாவிடம் எழுதிக் காட்டினேன். கிழித்தார். ஆமாம், கிழித்தே போட்டார்! “மானத்தக் கப்பலேத்தவா எழுதச் சொன்னேன்?” நானும் கத்தினேன் — போங்க, நீங்களே எழுதிக்கோங்க. விட்டது சனி.

மார்ச் 18
எங்கே விட்டது? அத்தை இன்று மிச்சத்தையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பெரியப்பாவை ‘எதிரி ரொட்டி’ என்றுதான் கூப்பிடுவார்களாம். கல்லெறிந்திருக்கிறார்கள். போர் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து!
போர் முடிந்த வருஷத்தைப் பலகையில் எழுதி அடிக்கோடு போடுகிறவள் நான்.
இந்தக் குடும்பத்தில் ஒருவர்மேல் நிம்மதியாகக் கோபப்படக்கூட முடிகிறதா?

மார்ச் 22
போய்ச் சொன்னேன்: “போரப் பத்தி ஒரு வார்த்தை வராது பெரியப்பா.” சரி என்று தலையை ஆட்டினார்.

ஏப்ரல் 2
கூடம் நிறைய ஆள். சொன்னபடியே போர் வருஷங்களைத் தாண்டிப் படித்தேன்.
“நிறுத்து. நடுவுல நாலு வருஷம் எங்க?” பெரியப்பாதான்!
எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாய் திறப்பதற்குள் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார். இரண்டு படைகளையும் சொன்னார். தெருவுக்குப் போன ரொட்டியைச் சொன்னார். தன்மேல் விழுந்த கல்லையும் சொன்னார்.
பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கிட்டகூடச் சொன்னதில்லடி.”
மனுஷன் உட்காருவதாகவே இல்லை. சாப்பாடு ஆறிப்போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.