படகுக்கு ஒரு தொண்டை

என்னங்க,

வெள்ள மீட்புத் தன்னார்வக் குழுவிலிருந்து மறுபடியும் கூப்பிட்டுவிட்டார்கள். போய்விட்டு வருகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

"உனக்கு நீச்சலே தெரியாது, அங்க போய் என்ன கிழிக்கப் போறே?" என்று நேற்று கேட்டீர்கள். கோபம் ஆறிவிட்டது, இப்போது சொல்கிறேன். குழுத் தலைவர் ரிப்பன் வெட்டி, நெடுநேரம் முழங்கித் தந்த ஒலிபெருக்கி முதல் மழையிலேயே வாயை மூடிக்கொண்டது. (தலைவர் இன்னும் மூடவில்லை.) அதனால் படகின் முன்னால் நின்று, "வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்துவது நான்தான். "தெருவுக்கே கேக்குது, மெதுவா பேசுடி" என்று கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் திட்டும் அதே தொண்டை. நேற்று அதைக் கேட்டுத்தான் ஒரு மொட்டைமாடியிலிருந்து பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி துண்டை ஆட்டினாள். ஆற்றோரத் தெருக்களுக்கு இன்றுதான் போகிறோம்.

உங்கள் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டேன்.

பி.கு: பயத்தில்தான் அப்படிக் கேட்டீர்கள் என்று தெரியும். எனக்கும் பயம்தான்.

இன்னொன்று: திரும்பும்போது தொண்டை கட்டியிருக்கும், வாசலில் நின்று கூப்பிட முடியாது. மெதுவாகத்தான் தட்டுவேன். தூங்கிவிடாமல் காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள்.