கயிற்றில் இறங்கும் தண்ணீர்

சாவோ பிராஸ் ஓடைக்கரை,
ஜனவரி 6, திங்கள்.

மாப்பிள்ளை ஜார்டெல் அவர்களுக்கு,

உங்கள் மாமியார் ஒசெலினா எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறோம். உங்கள் மாமாவின் இருமலும் இருக்கிறது. நீங்கள் நலமா என்று கேட்டால் மரியாதையாக இருக்கும். கேட்கவில்லை.

இந்த மழைக்கு மாமாவுக்குப் பதிலாக நீங்கள் மரத்தடியில் விழுந்த கொட்டைக் காய்களைப் பொறுக்கக் காட்டுக்குப் போவதாக என் பெண் நில்செலியா எழுதியிருந்தாள். வேண்டாம். வராதீர்கள். உங்கள் ரியோ பிராங்கோ பட்டணத்தில் மழை வந்தால் ஏதாவது ஒரு கடை வாசலில் ஒதுங்கிக்கொள்ளலாம். இங்கே மூன்று நாள் நடந்து ஓடை பிறக்கும் இடத்துக்குப் போனால் உங்களுக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு தார்ப்பாய்தான். அதை நீங்கள் கட்டிய லட்சணம் எனக்குத் தெரியும்.

உங்கள் மாமா தானே போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நுரையீரல் படத்தைக் காட்டி, "இன்னொரு தடவை இப்படி நனைஞ்சீங்கன்னா நான் பொறுப்பில்ல பெரியவரே" என்று சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. போன வருஷம் பாதியில் விட்டு வந்த, எங்கள் பங்குக் கொட்டைத் தடம் அது. இந்த வருஷமும் யாரும் நடக்காவிட்டால் எங்கள் சங்கம் அதை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடும். அவர் போனால் பிணமாகத்தான் வருவார். ஆகவே நான் போகிறேன். முழங்கால் வலிக்கும், வலித்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் உங்களை நம்பித்தான் அவரை அனுப்பினேன். வரும்போதே கடையில் வாங்கிய, மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கிற நைலான் தூளிப் படுக்கை, அதற்கு ஜிப் வைத்த கொசுவலை, மலை ஏறுகிறவர்கள் போடும் ஷூ. ஊரே வேடிக்கை பார்த்தது. எங்கள் பருத்தித் தூளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நனைஞ்சா காயவே ரெண்டு நாள் ஆகுமே மாமா" என்று பாடம் வேறு எடுத்தீர்கள். மாமாவுக்கு உங்கள் மேல் கோபமே கிடையாது. அங்கே நடந்ததைக் கேட்டால், "மாப்பிள்ளை உள்ள பூந்து ஜிப்பை இழுத்தா வாழையிலையில கட்டின மீன் மாதிரியே இருப்பாருடி" என்று சிரிப்பார். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிடும். எனக்கு வயிறு எரியும்.

தார்ப்பாயை மெத்தை விரிக்கிற மாதிரி சமமாக இழுத்துக் கட்டினீர்களாமே. யாராவது அப்படிக் கட்டுவார்களா? நடுவில் தண்ணீர் தொப்பை போட்டு, கழியைப் பிடுங்கிக்கொண்டு, அத்தனையும் அடுப்பின் மேலும் மாவு மூட்டையின் மேலும் கொட்டியது. ரப்பர் பால் பூசிய பை ஒன்று கொடுத்தனுப்பினேனே, அது எதற்கு? மரவள்ளி மாவுக்கும் உப்புக்கும் தீப்பெட்டிக்கும். அதற்குள் என்ன இருந்தது? உங்கள் போன். சிக்னலே இல்லாத காட்டில் போன் பத்திரமாக இருந்தது. மாவு களியாகிப் போனது. தீக்குச்சி ஒன்றுகூடப் பற்றவில்லை.

காற்று மழையில் கொட்டை மரத்தடிக்குப் போகக் கூடாது, காய் விழுந்தால் மண்டை பிளந்துவிடும். அப்போது தூளியில் கிடப்பதுதான் வேலை. அப்படிக் கிடந்த நேரத்தில்தான் அவருக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. ஒன்றரை நாள் ஈரத் துணிக்குள் ஊறிக் கிடந்திருக்கிறார் அந்த மனுஷர். நீங்கள் நாலடி தள்ளி ஜிப்புக்குள் காய்ந்துகொண்டிருந்தீர்கள். எழுந்து வந்து கையை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையா?

தோளில் தாங்கிக் கொண்டுவந்து சேர்த்தீர்கள், அதை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படகுத்துறையில் இறங்கியதும் உங்கள் காலைப் பார்த்தேன். அத்தனை பகட்டான ஷூவைக் காட்டுக்கொடியால் கட்டியிருந்தீர்கள். லேஸ் எங்கே என்று கேட்டதற்கு, "தொலைஞ்சிடுச்சு அத்தை" என்றீர்கள். சொந்தக் காலில் கிடக்கும் லேஸைக் காப்பாற்றத் துப்பில்லாத ஆளிடமா என் புருஷனை ஒப்படைத்தேன் என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

நான் எப்படிப் போவேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தார்ப்பாயைக் கூரை மாதிரி சரித்துக் கட்டுவேன், ஒரு பக்கம் இன்னும் தாழ்வாக. காய்ந்த உடுப்பு ஒன்று பைக்குள்ளேயே இருக்கும். காலையில் நடுங்கிக்கொண்டே ஈர உடுப்பை மாட்டுவேனே தவிர, அந்தக் காய்ந்த உடுப்போடு வெளியே காலெடுத்து வைக்க மாட்டேன். முக்கியமாகத் தூளிக் கயிறு. மரத்தில் இறங்குகிற தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக முதுகுக்கு வந்துவிடும். தார்ப்பாய்க்கு உள்ளே, இரண்டு பக்கக் கயிற்றிலும் ஒரு முழம் துணியைக் கட்டித் தொங்கவிட்டால் அங்கேயே சொட்டிவிடும். மாமாவின் தூளியைத் துவைப்பதும் அந்தத் துணியைக் கட்டுவதும் இருபத்தொன்பது வருஷமாக நான்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இதெல்லாம் உங்கள் கண்ணில் எங்கே படப்போகிறது.

ஆகவே வராதீர்கள். நில்செலியாவுக்கு மட்டும் என் முத்தம்.

ஒசெலினா

ஜனவரி 9, வியாழன்.

கடிதத்தை மடித்து வைத்து மூன்று நாளாகிறது. ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டதால் கடிதம் கொண்டுபோகும் படகுக்காரர் தோமே இன்னும் வரவில்லை. மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. தார்ப்பாய், மாவு, போன் மூன்றும் உண்மை. அதற்கெல்லாம் நீங்கள் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நேற்றுக் காலை நான் கிளம்புவதற்காக மாமாவின் தூளியை எடுத்தேன். நீங்கள் காயவைத்து, சுருட்டி, பைக்குள் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டுப் போனதுதான். அதைப் பார்த்தாலே எரிச்சல் வந்ததால் ஒரு வருஷமாக நான் தொடவே இல்லை. பிரித்தால் இரண்டு பக்கக் கயிற்றிலும் ஏதோ தொங்குகிறது. துணி இல்லை. கறுப்பும் மஞ்சளுமாக ஷூ லேஸ்.

என் துணி எங்கே போனது என்று யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. போன வருஷம் நீங்கள் இருவரும் கிளம்புவதற்கு முன் தூளியைத் துவைக்கும்போது அவிழ்த்துக் கொடியில் போட்டேன். கோழிக்கூண்டுக் கதவு ஆடுகிறதே என்று அதையே எடுத்துக் கட்டினேன். பிறகு தூளியை மட்டும் சுருட்டிக் கொடுத்தனுப்பிவிட்டேன். அந்த இரண்டு துணியும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு வருஷமாகத் தினமும் காலையில் அதை அவிழ்த்துத்தான் கோழியைத் திறந்துவிடுகிறேன். இந்தக் கையால்.

மாமாவைப் பிடித்து உலுக்கினேன். முதலில் மழுப்பினார். அப்புறம் எல்லாம் வந்தது. தண்ணீர் மேலேயிருந்து ஒழுகுகிறது என்று காய்ச்சல் வேகத்தில் அவரே சொல்ல, நீங்கள் தார்ப்பாயை இழுத்து இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள். சமமாகப் போனது அதனால்தானாம். மறுநாள் மத்தியானம்தான் கயிற்றைத் தடவிப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே எப்போதும் நான் கட்டும் துணி இல்லையே என்று அப்போதுதான் இவருக்கும் உறைத்ததாம். உடனே ஷூவைக் கழற்றி லேஸைக் கட்டிவிட்டு, அவரை உங்கள் நைலான் தூளியில் படுக்கவைத்துவிட்டு, அந்த ஈரத் தூளியில் நீங்கள் கிடந்தீர்களாம். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மாப்பிள்ளைதான்டி வேணாம்னாரு. அத்தைக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க மாமா, திட்டு என் பேர்லயே இருக்கட்டும், எனக்குத்தான் பழகிடுச்சேன்னாரு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இருமினார்.

மாப்பிள்ளை, எனக்கு உங்கள் மேல் கோபம் இப்போதுதான் அதிகமாக வருகிறது. ஒரு வருஷம் என்னைக் கத்தவிட்டு வேடிக்கை பார்த்தீர்களா? ஊர் முன்னால் நான் வாய்க்கு வந்தபடி பேசியபோது, "உங்க துணி எங்க அத்தை?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் அங்கேயே எனக்கு வாயடைத்திருக்கும். பெரிய மனுஷத்தனம் காட்ட நான்தானா கிடைத்தேன் உங்களுக்கு? அவருடைய நுரையீரலைக் கெடுத்தது நான். உங்களை அல்ல, என்னைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அது தெரியாமலே திட்டியிருக்கிறேன்.

மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லை. அதனால் வேலையைச் சொல்கிறேன். நான் போகவில்லை. மாமாவும் போகப் போவதில்லை, அவருடைய பூட்ஸை ஒளித்து வைத்துவிட்டேன். நீங்கள் வாருங்கள். தண்ணீர் வடிந்ததும் தோமேயின் படகிலேயே வாருங்கள். அந்த நைலான் தூளியை மாமாவுக்குக் கொடுத்துவிடுங்கள், அவருக்கு அதன்மேல் ஆசை. நீங்கள் அவருடையதைக் கொண்டுபோங்கள். துவைத்தாகிவிட்டது. போன் வீட்டில் இருக்கும். பைக்குள் மாவுதான் போகும், அதில் பேச்சுக்கே இடமில்லை. தார்ப்பாயைச் சரித்துக் கட்டுவது எப்படி என்று கிளம்புவதற்கு முன் வாசலில் கட்டிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும், என் முன்னால்.

கோழிக்கூண்டிலிருந்து என் துணி இரண்டையும் அவிழ்த்து வந்து, தூளிக் கயிற்றில் உங்கள் லேஸுக்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கிறேன். மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். கோழிக்கூண்டு ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆடட்டும்.

நனையாமல் போய், நனையாமல் இந்த வாசலுக்குத் திரும்பி வாருங்கள் அப்பா. என் பெண் அங்கே காத்துக்கொண்டிருப்பாள், நான் இங்கே.

வரும்போது ஷூவுக்கு வேறு லேஸ் வாங்கிக்கொண்டு வாருங்கள். பழையதை நான் அவிழ்த்துத் தருவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அத்தை
ஒசெலினா